கொடி என் கையில்

ஜனவரி 19, திங்கள்

காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று வாலிபால் வந்தன, மூச்சில்லாமல். என் சைக்கிள் கடைக்கும் பள்ளி மைதானத்துக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். அதனால் அந்தப் பள்ளியின் பந்துக்கெல்லாம் காற்றடிப்பது என் வேலை. ஊசியை எச்சில் தொட்டுச் செருகினேன். கொண்டுவந்த விளையாட்டு வாத்தியார் முகம் சுளித்தார்.

"எண்ணெய் தொட்டுக்கக் கூடாதா பெரியவரே?"

"எண்ணெய் தீர்ந்து போகும் சார். எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும்."

இவருக்கு நான் வைத்த பெயர் விசில். சாப்பிடும்போதும் கழுத்தில் தொங்கும். இப்போது பள்ளி முழுக்க அப்படித்தான் சொல்கிறது. அவருக்கும் தெரியும்.

ஜனவரி 22, வியாழன்

சின்னப் பள்ளி. பத்தாம் வகுப்பு வரை எல்லாரையும் நிறுத்தினாலும் ஒரு பஸ்ஸுக்குக் கொஞ்சம் அதிகம். ஆகவே இருக்கிற பிள்ளைகளே எல்லாமாகவும் இருக்க வேண்டும். ஆண்டு விழா நாடகத்தில் ராணியாக வருகிறவள்தான் வாலிபால் குழுவுக்கு கேப்டன். பேச்சுப் போட்டியில் தண்ணீர் சிக்கனம் பற்றி முழங்குவதும் அவளே. வீட்டில் குளிக்கப் போனால் தொட்டி காலி.

போன வருஷம் ராணி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சிம்மாசனம் ஏறினாள். முன் வரிசையிலிருந்து, "போர்ல காயமா மகாராணி?" என்று கேட்டேன். மந்திரி சிரித்ததில் மீசை விழுந்துவிட்டது. இந்த வருஷம் என்னை ஐந்தாம் வரிசையில் உட்கார வைக்கப்போவதாகப் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ராணி என் பேத்திதான். கால் நீளம். கொக்கு என்று பெயர் வைத்ததும் நான்தான்.

ஜனவரி 27

மழை. ஒரு பஞ்சர்கூட இல்லை.

ஜனவரி 30, வெள்ளி

டீச்சர்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சும்மா ஒரு ஆட்டம். வழக்கம்போல மூலைக் கொடி என்னிடம். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் கொடியைக் கீழே காட்ட வேண்டும், வெளியே விழுந்தால் மேலே தூக்க வேண்டும். அவ்வளவுதான் படிப்பு. ஆறாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு இது போதும்.

நான் எங்கே ஒழுங்காகக் காட்டினேன்? கணக்கு டீச்சர் அடித்தது நன்றாக உள்ளே விழுந்தது. கொடியை மேலே தூக்கினேன். அவர் இடுப்பில் கை வைத்து முறைத்ததும் மெதுவாகக் கீழே இறக்கினேன். மைதானமே சிரித்தது. இதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆட்டம் முடியும்வரை இதே கூத்து.

பிப்ரவரி 4, புதன்

பெரிய டீச்சரே கடைக்கு வந்தார். சனிக்கிழமை நம் மைதானத்தில் நிஜமான போட்டி. ஜெயித்தால் நம் பெண்கள் நகரத்துக்குப் போவார்கள், இரண்டு ராத்திரி விடுதியில் தங்கி ஆடுவார்கள். இந்தப் பள்ளியிலிருந்து பெண் பிள்ளைகள் அப்படிப் போனதே இல்லை. நடுவர் வெளியிலிருந்து வருகிறார். ஒரு மூலைக்கு எதிர்ப் பள்ளி ஆள், இன்னொரு மூலைக்கு நம் ஆள் வேண்டும். விசிலுக்குக் குழுவோடு வேலை, மற்ற டீச்சர்கள் எல்லாம் சாப்பாடு, நாற்காலி, மைக் என்று ஆளுக்கொரு பக்கம்.

"விளையாட்டுத்தனம் கூடாதுங்க" என்றார்.

"விளையாட்டுப் போட்டிதானே டீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்றேன்.

வீட்டில் மருமகள் புதுப் பை வாங்கி வைத்துவிட்டாள். லாரி ஓட்டப் போயிருக்கும் என் மகனிடம் போனிலேயே சம்மதமும் வாங்கியாயிற்று. ஜெயிப்பதுதான் பாக்கி.

பிப்ரவரி 6, வெள்ளி

பேத்தி தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், சாப்பாடு இறங்கவில்லை. "ஏண்டி கொக்கு, மீன் கிடைக்கலையா?" என்றேன்.

"சர்வீஸ் தப்பிடுமோன்னு பயமா இருக்கு தாத்தா."

"என் மூலையா பார்த்து அடி. எங்க விழுந்தாலும் உள்ளதான். கொடி என் கையில இருக்கு."

"நிஜமா?"

"நிஜமா."

மருமகள், "சும்மா இருங்க மாமா" என்றாள். பேத்தி தட்டைக் காலி செய்தாள்.

பிப்ரவரி 7

தோற்றுவிட்டோம். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆளுக்கு இரண்டு செட் ஜெயித்து, கடைசி செட். பாதியில் பக்கம் மாறியதில் என் மூலை எதிர் அணியின் பக்கம் ஆகிவிட்டது. எங்களுக்கு இன்னும் ஒரே பாயிண்ட் போதும். பேத்தி கையில் சர்வீஸ்.

அடிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். நான் மூக்கைச் சொறிந்தேன்.

பந்து வலையைத் தாண்டி நேராக என் மூலைக்கு வந்தது. நல்ல வேகம். எதிர் அணிப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். பந்து விழுந்தது. கோட்டில் பட்டிருந்தால் சுண்ணாம்பு எழும்பும். எழும்பவில்லை. கோட்டுக்கு வெளியே நாலு விரல் தள்ளி மண்ணில் ஒரு வட்டம்.

கொடி மேலே போய்விட்டது.

நம் பக்கம் முழுக்கச் சிரிப்பு. கைதட்டல். "இறக்கு தாத்தா, இறக்கு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். மெதுவாக இறக்குவேன் என்று காத்திருந்தார்கள். பேத்தியும் சிரித்துக்கொண்டேதான் நின்றாள், இரண்டு கையையும் மேலே தூக்கி, ஜெயித்தவள் மாதிரி. பெரிய டீச்சர் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நடுவர் என்னையே பார்த்தார்.

நான் இறக்கவில்லை.

சிரிப்பு ஓரமாக ஓய்ந்தது, மழை விடுகிற மாதிரி. நடுவர் விசில் ஊதிப் பாயிண்டை அந்தப் பக்கம் கொடுத்தார். அடுத்த இரண்டும் அவர்களுக்கே.

புலி வருது கதைதான். இந்தத் தடவை புலி நிஜமாகவே வந்தது. அதைக் கூட்டி வந்தவனே நான்.

பிப்ரவரி 9, திங்கள்

பேச மாட்டேன் என்கிறாள். ராத்திரி மருமகள்தான் கேட்டாள், அங்கே போய் ஏன் அடித்தாய், நடுவில் தட்டியிருக்கலாமே என்று. அவள் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "தாத்தா மூலைன்னுதான் அங்க அடிச்சேன். இல்லைன்னா அவ்வளவு ஓரமா அடிப்பேனா?"

தமாஷுக்குச் சொன்னேண்டி. தமாஷுக்குன்னு உனக்குத் தெரியாதா? பிறந்ததுல இருந்து பார்க்கறியே! — இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். என்ன பிரயோசனம்.

நேர்மை, மண்ணாங்கட்டி — அதெல்லாம் ஒண்ணும் இல்லை. கண்ணு பார்த்துடுச்சு, கை போயிடுச்சு. கண்ணைக் கேட்டா நான் கொடி பிடிச்சேன்? ஒரு கண்ணுல புரை இருக்குன்னு டாக்டர் போன வருஷமே சொன்னார். அந்தக் கண்ணால பார்த்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 12

புதுப் பை இன்னும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

விசில் பந்து கொண்டுவந்தார். காற்றடித்துக் கொடுத்தேன். எண்ணெய் தொட்டுத்தான். அவர் அதைக் கவனித்தார். போகும்போது, "வெளியதான் பெரியவரே. நானும் பார்த்தேன்" என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"எனக்கும் வீடு இந்த ஊர்லதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பால்காரர் வேறு மாதிரி. "சொந்தப் பேத்திக்கே குழி வெட்டுன மகராசன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்கு ஏதாவது சொல்லாமல் விடுவேனா? விட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆண்டு விழா. ஐந்தாம் வரிசை, தூணுக்குப் பக்கத்தில். வரவேற்புப் பேச்சு, பரிசு, குழுப் பாட்டு, பிறகு நாடகம். மந்திரிக்கு வாள் உறையிலிருந்து வரவில்லை. இழுத்தான், இழுத்தான், கடைசியில் உறையோடு சேர்த்தே நீட்டினான். என் வாயில் நல்லதாக ஒன்று வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

மேடையில் ராணி ஒரு கணம் வசனத்தை நிறுத்தினாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். கண் ஐந்தாம் வரிசைப் பக்கம் வந்து போனது. கூட்டம் அமைதியாக இருந்தது. அவள் வசனத்தைத் தொடர்ந்தாள்.

பிப்ரவரி 25

மருமகள் கேட்கிறாள், "உடம்புக்கு ஏதாவதா மாமா? வீடே சத்தமில்லாம கெடக்கு."

மார்ச் 4, புதன்

சாயங்காலம் கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பேத்தி தனியாக நின்றாள், காலடியில் மூன்று பந்து. அடுத்த வருஷம் பத்தாவது. அதோடு இந்தப் பள்ளியில் ஆட்டம் முடிந்தது.

"மூலையில யாராவது நிக்கணும்" என்றாள், பந்தைப் பார்த்து.

பந்து பதில் சொல்லாது என்பதால் நான் போனேன். கொடி இல்லை. செயின் துடைக்கிற அழுக்குத் துணி ஒன்று தோளில் கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்து வெளியே. துணியைத் தூக்கினேன். அடுத்ததை எடுத்தாள். அதுவும் வெளியே. மூன்றாவது கோட்டில் பட்டுச் சுண்ணாம்பு பறந்தது. இறக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அப்படியே ஒரு பாட்டம் போயிற்று, பேச்சு வார்த்தை இல்லாமல், முனிசிபல் ஆபீஸ் மாதிரி.

பிறகு ஒன்று, நல்ல அடி, கோட்டுக்கு உள்ளே நாலு விரலில் விழுந்தது. எனக்குக் கை அரித்தது. நாள் கணக்காக அடக்கி வைத்த கை. துணியை மேலே தூக்கிவிட்டேன்.

பொய் என்று கத்துவாள், ஓடி வந்து தரையைக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. மணிக்கட்டை ஒரு தடவை உதறிவிட்டு, அடுத்த பந்தை எடுக்கக் குனிந்தாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அடியே கொக்கு, உள்ளதாண்டி விழுந்துச்சு."

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"நிஜமா?"

"நிஜமா."

"அப்போ இறக்கு தாத்தா."

மெதுவாக இறக்கினேன்.