பார்க்காத மூன்று நிமிடம்

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோது நம் ஏரி நோட்டு என் கையில் இருந்தது. பீரோ துடைக்கும்போது அகப்பட்டது. அட்டையில் இன்னும் செம்பரம்பாக்கத்துப் பாசி வாடை.

ஆவடி குவார்ட்டர்ஸில் நீ எதிர்வீடு. கல்லூரி ஆய்வகத்தில் வேலை. ஏரிக்கு வரும் கூழைக்கடாப் பறவையின் முதுகில் தீப்பெட்டி அளவு கருவியைக் கட்டிவிட்டால் அதன் அசைவெல்லாம் கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும் என்றாய். ஆனால் எது நீச்சல், எது சிறகு கோதுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம். யாராவது கரையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து எழுதித் தந்தால்தான் பழகுமாம். குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம் என்று காலண்டரில் குறித்து வைப்பவள் நான். அதைப் பார்த்துத்தான் என்னைக் கூட்டிப் போனாய். எட்டாவதோடு நின்றவளுக்கு அது பெரிய மரியாதை.

ஒழுங்காகத்தான் எழுதினேன், ஒன்றைத் தவிர. பன்னிரண்டு மணிக்கு மாதாவுக்கு மூவேளைச் செபம் சொல்லக் கண்ணை மூடுவேன். மூன்று நிமிடம். கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல் ‘சும்மா நிற்கிறது’ என்று நிரப்பிவிடுவேன்.

அந்த நேரத்தில் பறவை சிறகு கோதிக்கொண்டிருந்ததோ என்னவோ, கம்ப்யூட்டர் கோதுவதையெல்லாம் நிற்பது என்று சொல்ல ஆரம்பித்தது. பிழை எங்கே என்று பல நாள் சோறு மறந்து தேடினாய். கடைசியில் என் நோட்டோடு வந்து நின்றாய்.

“ஏண்டீ, பன்னெண்டு மணி அடிச்சா உன் பறவையும் முட்டி போட்டுடுதா?”

ஒப்புக்கொண்டேன். இனி என்னைக் கூப்பிடமாட்டாய் என்று நினைத்தேன். நீயோ ஸ்கேல் வைத்துப் பக்கத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, மேலே ‘பார்க்கவில்லை’ என்று எழுதினாய்.

“செபத்த வுடாத. பாக்கலன்னா பாக்கலன்னு எழுது, மெஷினு அத்த தள்ளி வெச்சிடும். பாத்த மாதிரி எழுதுனாத்தான் கெட்டுப்பூடும்.”

போன மாதம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நான்தான் இருந்தேன். உன் தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். மணி பன்னிரண்டு. உன் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினேன். திறந்தபோது நீ போய்விட்டிருந்தாய்.

உன் தங்கை கேட்டது ஒன்றுதான்: நீ கஷ்டப்படாமல் போனாயா? ‘ஆமாம்’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

“நான் பாக்கலம்மா. கண்ண மூடிக்கினு செபம் சொல்லிக்கினு இருந்தேன். அக்கா கை என் கையிலதான் இருந்துச்சி. அது அசையல.”

அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இன்றும் மணி அடித்ததும் கண்ணை மூடினேன். உன் கடைசி மூன்று நிமிடம் அந்த ஓரக் கட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டவர் பார்த்திருப்பார். நான் நிரப்பவில்லை.