தேவமலரைக் கடலுக்குக் கடத்திய கதை

7 ஜூலை 2024, ஞாயிறு

பசாரில் மீன் வாங்கிக்கொண்டு, அப்படியே புக்கிட் பெருவாங் போய்த் தேவமலரைப் பார்த்தேன். அவள் புருஷன் நல்லமுத்து அண்ணன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. மகன் ஹரிதாஸுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறதாம். அடுத்த மாதக் கடைசியில் வீட்டை விற்றுவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறானாம்.

"நீ என்னாடி சொன்ன?" என்றேன்.

"சரின்னேன்."

மருமகள் தாரணி டீ வேண்டுமா என்றாலும் 'சரி', தூங்குங்கள் என்றாலும் 'சரி'. இவளா? ஐந்தாம் படிவத்தில் வாத்தியார் குடையைக் கொடிக்கம்பத்தில் ஏற்றிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றவளா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து மீனைக் கருக்கினேன்.

9 ஜூலை

டவுனுக்குப் போய் ஹஃபீஸாவின் துணிக்கடையில் உட்கார்ந்து புலம்பினேன். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வருடக் கடைசி லீவில் தோட்டத்து வீட்டில், பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, பள்ளிச் சீருடையோடு பஸ் ஏறித் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் போய் இறங்குவோம்.

என் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. வீடு திரும்பியதும் கையில் நகத்தால் கீறிப் பார்ப்பாள். வெள்ளையாகக் கோடு விழுந்தால் கடலில் குளித்தாயிற்று என்று அர்த்தம், விளக்குமாறு வரும். அதற்கும் தேவமலர்தான் வழி கண்டுபிடித்தாள். புத்தகப் பையில் தேங்காய் எண்ணெய். கோடாவது ஒன்றாவது. லீவு முழுக்க மூன்று பேரும் பளபளவென்று அலைந்தோம். பிள்ளைகள் முகத்தில் படிப்புக் களை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு முனியாயி அக்கா பெருமைப்பட்டாள்.

ஹஃபீஸா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவளக் கடல்ல தள்ளணும்லா. ஒருதடவ நல்லாக் கத்தட்டும். பிறகு வேணாம்னு சொல்ல வாய் தானா வரும்."

ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு திட்டம். வெட்கமாக இருந்தது. உடனே சம்மதித்தேன்.

13 ஜூலை

சொதப்பிவிட்டேன். கோவில் பூஜைக்குக் கூட்டிப்போகிறேன் என்று தாரணியிடம் போனில் சொன்னேன். அவள், "ஆண்ட்டி, மாமா போயி இன்னும் வருஷம் திரும்பலியே. அத்த எப்படிக் கோவிலுக்கு வருவாங்க?" என்றாள்.

சாவு வீட்டில் ஒரு வருடம் கோவிலுக்குப் போக மாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு எப்படி மறந்தது? அன்றைக்கு என் அம்மாவையே ஏமாற்றியவள் நான். கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

17 ஜூலை

ஆடி அமாவாசை. ஆகஸ்ட் நாலாம் தேதி, ஞாயிறு. இறந்தவருக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுக் கடலில் முழுக வேண்டும். எந்த மருமகள் தடுக்கிறாள், பார்க்கிறேன்.

20 ஜூலை

தாரணி உருகிப்போனாள். எவ்வளவு அக்கறை உங்களுக்கு என்றாள். நானும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டேன். அதற்குள் ஹரிதாஸ் போனை வாங்கினான்.

"நல்ல வேள ஞாபகப்படுத்தினீங்க ஆண்ட்டி. மகன் நான்தான செய்யணும்? ஐயர்கிட்ட பேசிட்டேன். எல்லாரும் ஒரே காடியில போயிரலாம்."

மகன்தான் செய்ய வேண்டும். ஆமாம். அது எனக்குத் தோன்றவேயில்லை. ஹஃபீஸாவிடம் சொன்னேன். கடையில் ஆள் இருப்பதுகூடத் தெரியாமல் சிரித்தாள்.

3 ஆகஸ்ட்

நாளைக்கு. மழை வரக் கூடாது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

தஞ்சோங் கிளிங். ஹஃபீஸா தற்செயலாக வந்தவள் போல மரத்தடியில் நின்றாள். நடிப்பு சுத்தமாக வரவில்லை.

ஐயர் சொல்லச் சொல்ல ஹரிதாஸ் எள்ளுத் தண்ணீர் விட்டான். பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது அழுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாங்கள் பொய்யாகக் கிளப்பியதை அவன் மெய்யாகச் செய்துகொண்டிருந்தான்.

"மூணு முழுக்கு போட்டுட்டு ஏறிருங்கம்மா" என்றான். தேவமலர் தலையாட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஏறப் போனாள். அதற்குள் முழங்கால் தண்ணீர் வரை வந்துவிட்ட ஹஃபீஸாவுக்குப் பொறுக்கவில்லை.

"கடைசியா வர்றவதான் மூணு பேரு பையும் தூக்கணும்."

எங்கள் பழைய நீச்சல் பந்தயம் அது. தேவமலர் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டு ஓரம் லேசாகக் கோணியது. அடுத்த நொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்துவிட்டாள். நானும் பாய்ந்தேன், பாய்ந்தேன் என்றால் விழுந்தேன்.

"அம்மாவுக்கு நீச்சல் தெரியாது" என்று கத்திக்கொண்டு ஹரிதாஸ் வேட்டியோடு ஓடிவந்தான். முப்பத்திரண்டு வருடம் அவளோடு இருந்தவன். அவன் கிட்டே போனபோது அவள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டு. அப்படியே சிரிப்பு அழுகையானது. நல்லமுத்து அண்ணன் பெயரைச் சொல்லி அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை.

மகன் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். "நான் ஜொகூருக்கு வரலப்பா. வீட்ட விக்காத" என்றாள்.

அவன் நனைந்த வேட்டியைப் பிழிந்தான். காடியில் ஏறும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அப்பா காரியத்துல விளையாடலாமா ஆண்ட்டி?" என்றான்.

7 ஆகஸ்ட்

ஹரிதாஸிடமிருந்து போன் இல்லை. தேவமலரும் எடுக்கவில்லை. பெத்த புள்ளையையும் தாயையும் பிரிச்சு வெச்சிட்டேனா நான்? விளையாட்டு இவ்ளோ தூரம் போவும்னு யாரு கண்டா? ஹஃபீஸாவுக்கும் சிரிப்பு வரவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு.

31 ஆகஸ்ட், சனி

காலையில் ஹரிதாஸும் தாரணியும் வீட்டை விற்காமலே ஜொகூருக்குப் போனார்கள். தேவமலர் வாசலில் நின்று கையாட்டி அனுப்பிவிட்டு, நேரே எனக்குப் போன் செய்து இட்லி இருக்கிறதா என்று கேட்டாள். வந்தாள். ஆறு தின்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

சாயங்காலம் ஹரிதாஸ் கூப்பிட்டான். திட்டப் போகிறான் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்றான். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். வைக்கப் போகிறான் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"ஆண்ட்டி, எங்கம்மா சின்ன வயசுல வேற என்னென்னலாம் செஞ்சாங்க?"

 நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். தாரணியும் கேட்கிறாள் போல, அங்கே இரண்டு பேர் சிரிப்பு கேட்டது. நிறையச் சொன்னேன். அதில் பாதி நான் செய்தது. எல்லாவற்றையும் அவள் பெயரிலேயே சொல்லிவிட்டேன்.