மந்திரமூர்த்தி நின்ற ஜாமீன்

11.3.1983

விடியும் நேரத்தில் மறுபடியும் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஓட்டின் மேல் கல். அங்கே குடியிருக்கும் ஆவுடைத்தாய் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள். எறிந்தது சங்கிலிப்பாண்டிதான். அவள் புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை. என்னைக் கட்டிக்கொள் என்று அவள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் வாசல்வரை பின்னாலேயே வருகிறான். அவளை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன்.

2.4.1983

போலீஸில் அவன் மேல் நூற்றேழாவது பிரிவில் கேஸ் போட்டிருக்கிறார்கள். இனித் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று ஆர்.டி.ஓ. முன்னால் அவன் ஓராண்டுக்குப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நிலமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். மீறினால் அவனுக்கு ஜெயில். ஜாமீன்காரர் நிலத்துக்கும் ஆபத்து.

ஆவுடைத்தாய்க்கு விளங்கவில்லை. "வகுப்பில் ஒருத்தன் சேட்டை பண்ணினால், 'இவன் ஆடினா உனக்கும் அடி' என்று பக்கத்துப் பையனிடம் சொல்வேன். அது மாதிரி" என்றேன்.

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு ஆடுனா, டீச்சர்?"



19.4.1983

கையெழுத்தாயிற்று. ஜாமீன் யார்? அவன் அக்காள் புருஷன், இடைசெவல் மந்திரமூர்த்தி. ஈடாகத் தன் பருத்திக்காட்டைக் காட்டியிருக்கிறார். சங்கிலிப்பாண்டி எல்லோருக்கும் கும்பிடு போட்டான் — இவ்வளவு பணிவு எதற்கு?

26.4.1983

மந்திரமூர்த்தி எங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில். சரியாக ஆவுடைத்தாய் வேலைவிட்டு வரும் நேரம்.

27.4.1983

இன்றும்.

4.5.1983

நேரே போய்க் கேட்டேன். "டீ குடிக்க வந்தேன் டீச்சர்" என்றார். இடைசெவலில் டீ கிடைக்காதா? யார்கிட்ட கதை விடுதாரு? மச்சினனுக்கு வேவு பாக்காரு, வேறென்ன. இனி அவளை நானே கொண்டுவிட்டுக் கூட்டிவர வேண்டும்.

13.5.1983

சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது சங்கிலிப்பாண்டி எதிரே வந்தான். டீக்கடையிலிருந்து மந்திரமூர்த்தியும் எழுந்தார். சேர்ந்துதான் வருகிறார்கள் என்று ஆவுடைத்தாயை என் பின்னால் இழுத்தேன். அவரோ மச்சினன் காலரைப் பிடித்தார்.

"ஏலே மாப்ளே, நீ அவ ஓட்டுலயா கல்லெறியுதே? எங் காட்டுலல்லா எறியுதே. நட, பஸ்ஸுக்கு."

"விடுங்கத்தான், எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். வீட்டுல ஒங்கக்கா வெளக்கமாத்தோட நிக்கா, அவகிட்ட வந்து சொல்லு."

ஆவுடைத்தாய் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்காக ஆடின நாடகமோ?

2.2.1984

இப்போதெல்லாம் ஆவுடைத்தாய் தனியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறாள். கல் இல்லை, ஆளும் இல்லை. இன்று வாசலில் மந்திரமூர்த்தி.

"டீச்சர், அந்தப் பத்திரம் என்னைக்கு முடியுது?"

சுருக்கென்றது. "எதுக்குக் கேக்குதீங்க?"

"முடிஞ்ச பொறவும் முடியலைன்னுதான் மச்சினங்கிட்டச் சொல்லணும். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

சரி அண்ணாச்சி, உள்ளே வந்து டீ குடிச்சுட்டுப் போங்க என்றேன்.