கூப்பனுக்கும் கொசுறு உண்டு

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிஞ்சு வந்து

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம். அப்பாவுக்கு மழை வந்தா முட்டி வலியும் கூடவே வருது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, அது மூணு ஷிப்டும் ஓடுது. நீ அங்க தேஜ்பூர் ஆஸ்பத்திரியில ராத்திரி ட்யூட்டியும் பகல் ட்யூட்டியும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு வேளைக்குச் சாப்பிடறியா, இல்லை பிஸ்கெட்டைத் தின்னுட்டுப் படுத்துடறியா, உண்மையைச் சொல்லு. மெஸ் சாப்பாட்டுல கடுகெண்ணெய் வாசம்னு இன்னும் மூக்கைப் பிடிக்கிறியாமே. ஊரெல்லாம் அதைத்தானே சாப்பிட்டு உயிரோட இருக்கு, பழகிக்கோ கண்ணு. போன மாசம் நீ போன்ல அழுதியே, ஊருக்கு நல்லது பண்றேன்னு நானே தலையைக் கொடுத்துக் கெடுத்துட்டேன்மா, ஊசி போடறவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு, அன்னைலேர்ந்து எனக்கு மனசே ஆறலை. விவரமா சொல்லலாம்னு போன் போட்டா, பாதியில ட்யூட்டிம்மான்னு வெச்சிட்டு ஓடிடறே. அதனாலதான் உனக்கு அனுப்பற பார்சலோட இந்தக் கடுதாசியையும் வெக்கிறேன். இதையாவது நடுவுல வெச்சிட்டு ஓட முடியாது பாரு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், உன் எழுத்துல ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்க இருந்துச்சுன்னு சொல்றேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாம வரிசையாப் படி.

போன கிறிஸ்துமஸ் லீவுல வந்தப்போ நீ என்கூட நம்ம காய்கறிக் கடையில உட்கார்ந்தியே, சாயந்திரம் ஷூ கம்பெனி கேட் திறந்து பொம்பளைங்க கும்பலா வர்ற நேரம். ஒருத்தி தக்காளியை அரைக்கிலோ தட்டுல போட்டுட்டு, யோசிச்சு, பாதியைத் திருப்பிக் கூடையில வெச்சிட்டுப் போனா. இன்னொருத்தி கொய்யாவைத் தொட்டுப் பார்த்துட்டு விலையே கேட்காம பஸ்ஸுக்கு ஓடினா. எனக்கு அது தினப்படி பழக்கம், உனக்குத்தான் தாங்கலை. வார்டுல ரத்தம் இல்லாம வர்ற பொம்பளைங்களுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பறோமே, அவங்க எல்லாம் இங்கதாம்மா ஆரம்பிக்கிறாங்கன்னு சொன்னே. அதோட நிக்காம அந்தச் சென்னை டிரஸ்டுக்கு இங்கிலீஷ்ல எழுதிப் போட்டே, கம்மிச் சம்பளக்காரங்க காய் பழம் வாங்கினா பாதிக் காசு அவங்களோடது, பாதிக் காசுக்குக் கூப்பன், அந்தக் கூப்பன் பணத்தை டிரஸ்ட் எங்களுக்குக் கொடுத்துடணும்னு. அவங்களும் ஒரு வருஷத்துக்கு நிதி கொடுத்து, நல்லா நடந்தா அடுத்த வருஷமும் தர்றோம்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு அப்பா தெரு முழுக்க உன் பேரைச் சொல்லிட்டு வந்தது உனக்குத் தெரியாது, டீக்கடையில கேட்காதவனைக் கூட நிறுத்திச் சொன்னார்.

கூப்பன் செல்லுற கடை ரெண்டு, என்னோடது ஒண்ணு, எதிர்ல பஞ்சாட்சரம் அண்ணனோடது ஒண்ணு. டிரஸ்ட்லேர்ந்து பூர்ணிமா மேடம் வந்து எங்க ரெண்டு பேருக்கும் பாடம் எடுத்தாங்க, நல்ல பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். கூப்பனுக்குக் கொடுக்கற காய் கிராம் பிசகக் கூடாது, கணக்குப் பார்க்க ஆள் வருவாங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. முதல் மாசம் என் கடையில நிக்க இடம் இல்லை. அப்புறம் கம்மியாச்சு. ஆடி வந்தப்போ கூப்பன் நீட்டற கை ஒண்ணு ரெண்டுதான். வர்றதே அதே பொம்பளைங்க, காசு கொடுத்துக் கொஞ்சமா வாங்கிட்டுப் போறாங்க, கூப்பன் எங்கேன்னு கேட்டா வீட்ல இருக்குன்றாங்க. பாதி விலைக்குக் கிடைக்கறதை விட்டுட்டு முழு விலை கொடுத்து யாராவது வாங்குவாங்களா, எனக்கு மண்டை காய்ஞ்சுது. ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. அப்பா, அதுங்க வெட்கப்படுதுன்னார். பஞ்சாட்சரம் அண்ணன், எல்லாரும் கூப்பனை வித்துட்டாங்கன்னு அடிச்சுச் சொன்னார், அவருக்கு உலகத்துல யார் மேலயும் நல்ல எண்ணம் கிடையாது. பூர்ணிமா மேடம், விளம்பரம் பத்தலைன்னு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடிச்சு என் கடை தலைக்கு மேல கட்டினாங்க. ஏழைப் பெண்களுக்கு இலவசக் காய்கறின்னு பச்சை எழுத்துல. அவ்வளவுதான் போ, அன்னைலேர்ந்து அந்த ஒண்ணு ரெண்டு கையும் நின்னு போச்சு. என் கடை வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமா நடந்தாங்க. அப்பத்தான் சென்னைலேர்ந்து சேதி வந்தது, நிதி செலவாகாமலே கிடக்கு, உங்க ஊருக்கு இது தேவைப்படலை போலிருக்கு, பெரிய சார் ஒருத்தர் நேர்ல வந்து பார்ப்பார், அவர் வேணாம்னு சொன்னா மிச்சப் பணம் வேற ஊருக்குப் போயிடும், அடுத்த வருஷம் கிடையாதுன்னு. நீ அழுதது அந்தச் சேதியைக் கேட்டுத்தான்.

அந்த வாரம்தான் ஷஹீன் பானு வந்தா. ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங்ல இருக்காளே, நீ லீவுல வந்தப்போ உனக்கு மருதாணி வெச்சு விட்டவ, அவளேதான். ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் கீரையும் பழமும் சாப்பிடச் சொல்லியிருக்கார், மெஷின்ல உட்கார்ந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருதுன்னு அவளே என்கிட்ட சொல்லியிருக்கா. வந்தவ கால் கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் எடுத்துட்டுக் காசை நீட்டினா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஏண்டி, உனக்குன்னு என் பொண்ணு எழுதி வாங்கிக் கொடுத்த கூப்பனை வீட்ல வெச்சுப் பூஜை பண்றியா, நாலு கொய்யா சேர்த்து வாங்கினா உனக்கு இன்னா கொள்ளை போகுதுன்னு நடுத்தெருவுல கத்திட்டேன். அவளும் சும்மா விடலை. அக்கா, நான் காசு நீட்டினா உங்க கை கறிவேப்பிலைக் கூடைக்குப் போகுது, கூப்பன் நீட்டினா உங்க கண்ணு தராசு முள்ளுக்குப் போகுது. காசுக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை, ரெண்டு பச்சை மிளகாய், ஷஹீனு வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு ஒரு வார்த்தை. கூப்பனுக்கு ஒண்ணும் கிடையாது, பையை மூடிக் கையில திணிச்சு அடுத்த ஆளைக் கூப்பிடறீங்க. இத்தினி வருஷமா உங்க கடையில நான் வாடிக்கை, இப்ப மட்டும் பிச்சைக்கா வந்து நிக்கிறேன், பாதிக் காசு நானும்தானே கொடுக்கறேன்னு கேட்டா. கேட்டுட்டு, கண்ணு கலங்கி, கீரையைக் கூட எடுக்காம போய்ட்டா. நான் பின்னாடியே, நான் எப்போடி அப்படிப் பண்ணினேன்னு கத்தினேன். ஆனா கத்தும்போதே எனக்கு அவ சொன்னது சரின்னு தெரிஞ்சு போச்சு மேகலா.

மறுநாள் கடையில என் கையையே நான் கவனிச்சேன். காசு வந்தா அது தானா கறிவேப்பிலைக்குப் போகுது, நான் சொல்லவே வேணாம். கிராம் பிசகக் கூடாது, ஆள் வருவாங்கன்ற பயத்துல கூப்பனைப் பார்த்தா மட்டும் கை மடங்கிக்கிது. நம்ம ஊர்ல கொசுறு போடாம காய் வித்தா அது இன்னா வியாபாரம் சொல்லு, ரேஷன் கடைதானே. கூப்பன்காரங்க பேரமும் பேசக் கூடாதுன்னு ஒரே விலை சொல்லிட்டேன், பேரம் பேசாத பொம்பளை எதுக்குக் கடைக்கு வர்றா. முதல் வேலையா அந்த ஃப்ளெக்ஸைப் பிடுங்கிப் போட்டேன். இப்ப அது மழைக்குத் தக்காளிப் பெட்டியை நல்லா மூடுது, அதுக்காகவாவது பூர்ணிமா மேடத்துக்கு தேங்க்ஸ். அப்புறம் பஞ்சாட்சரம் அண்ணன்கிட்ட போய், இனிமே கூப்பனுக்கும் கொசுறு போடணும்ணேன்னு சொன்னேன். அவர் குதிச்சார் பாரு குதி. கறிவேப்பிலை விக்கிற விலை தெரியுமா, ஐப்பசி மழையில கொத்தமல்லியைக் கண்ணால பார்க்க முடியலை, இதுக்கு யார் கொடுப்பா, உன் பொண்ணு எழுதினாளே அதுல இது இருக்கா, டிரஸ்ட் கொடுத்தா நான் போடறேன்னு ஒரே பேஜார் பண்ணிட்டார். நீங்க போடாட்டி போங்க, நான் போடறேன்னு வந்துட்டேன். அப்பா மட்டும் சாப்பிடும்போது, இவ்வளவு நாள் என் தட்டுலயும் எடை போட்டுத்தான் வெச்சியான்னு கிண்டல் பண்ணினார், அவருக்கு அன்னைக்கு ரசம் கம்மியாத்தான் ஊத்தினேன்.

ஷஹீன் வீட்டுக்கு நானே போனேன், அவ விட்டுட்டுப் போன கீரைக்குப் பதிலா புதுக் கட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு. என் மேலதான் தப்பு, வந்து என்கூட நல்லா சண்டை போட்டு வாங்குன்னு கூப்பிட்டேன். கீரையை வாங்கி வெச்சிட்டு டீ போட்டுக் கொடுத்தா. அடுத்த நாள் சாயந்திரம் கேட் திறந்ததும் கூப்பனும் கையுமா முதல் ஆளா வந்தா, பின்னாடி அவ கூடத் தைக்கிற லைனே வந்தது. பப்பாளி கனிஞ்சு போச்சு, வெலையைக் குறைன்னு ஒருத்தி, இந்தக் கத்திரிக்காயில முள்ளே இல்லையே, இலவம்பாடியா இதுன்னு ஒருத்தி, என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க. நானும் விடலை. எடை கிராம் பிசகலை, அதுக்கு மேல ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு துண்டு இஞ்சி, ரெண்டு மிளகாய். எதிர்க்கடை அண்ணன் கொஞ்ச நாள் ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தார், அப்புறம் என் கடைக் கூட்டத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துட்டு, அவரும் கூப்பனுக்கு மிளகாய் போட ஆரம்பிச்சார். நான் பார்க்கறேன்னு தெரிஞ்சா திரும்பிக்குவார்.

நேத்து சனிக்கிழமை அந்தப் பெரிய சார் வந்தார். கண்ணாடி போட்ட வயசானவர், தன்மையாத்தான் பேசினார். அவர் காரை விட்டு இறங்கும்போதே ஷஹீனுக்கும் எனக்கும் கொய்யாவுக்காக அப்படி ஒரு சண்டை, அவர் பயந்து போய், இன்னா கலாட்டான்னு பூர்ணிமா மேடத்தைக் கேட்டார். கலாட்டா இல்லை சார், வியாபாரம்னு அந்தப் பொண்ணு சொன்னா, இப்ப அவளும் நல்லா தேறிட்டா. சார் ரொம்ப நேரம் நின்னு பார்த்தார். நான் எடை போட்டு, கூப்பனை வாங்கி, கடைசியில கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேனா, இது எந்தக் கணக்குல வருதும்மான்னு கேட்டார். விதியை மீறிட்டோம்னு கூப்பனையே நிறுத்திடப் போறாரோன்னு பயந்தேன். மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன், ஃப்ளெக்ஸ்லேர்ந்து ஷஹீன் அழுத வரைக்கும். ஷஹீனும் பக்கத்துலயே நின்னு, ஆமாம் சார், அக்கா கொசுறு போட்டதும்தான் நான் திரும்பி வந்தேன், இப்ப வீட்ல தினமும் கீரை இருக்கு, பசங்க கொய்யா கேட்டு அடம் பிடிக்குதுங்கன்னு சொன்னா. அவர் யோசிச்சுட்டு, அப்படின்னா அடுத்த வருஷ நிதியில இந்தக் கறிவேப்பிலை கொத்தமல்லிக்கும் சேர்த்துக் கொடுத்துடலாம், நீங்க ஏன் கைக்காசு போடணும்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எதிர்க்கடையிலேர்ந்து பஞ்சாட்சரம் அண்ணன் எழுந்து வந்தார். யார் கொடுப்பா யார் கொடுப்பான்னு குதிச்ச அதே மனுஷன். அதுக்கு மட்டும் காசு வேணாம் சார், காசு வாங்கிட்டுப் போட்டா அது கொசுறு இல்லை, இதுங்க எங்க வாடிக்கை, அதை நாங்கதான் போடணும்னு சொல்லிட்டு, விறுவிறுன்னு திரும்பிப் போய் உட்கார்ந்துக்கிட்டார். எனக்கு அழுகையா வந்துடுச்சு மேகலா. அவர் கடை இருக்கற வரைக்கும் அவரை இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அதாவது இந்த வாரத்துக்கு.

அடுத்த வருஷமும் உண்டு கண்ணு. வேற ரெண்டு கடையையும் சேர்த்துக்கச் சொல்லிட்டார், முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதை நீதான் எழுதணும், வேற யாரையும் நான் விட மாட்டேன். அழுதது போதும், மூக்கைச் சிந்திட்டு உட்கார்ந்து எழுது. காய் எழுது, பழம் எழுது, கீரை எழுது, எத்தினி பொம்பளைங்க வந்தாங்கன்னு எழுது. கறிவேப்பிலையை மட்டும் எழுதாதே. கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்துவார், நீ தொடற நோயாளி எல்லாம் எழுந்து நடக்கணும், உனக்கும் சீக்கிரம் ஒரு நல்லது நடக்கணும்னு தினமும் முழங்கால் போடறேன், அப்பா முட்டியால முடியாம நாற்காலியில உட்கார்ந்து ஜெபிக்கிறார். குளிர் ஆரம்பிக்குது, காதை மூடிக்கோ. பார்சல்ல நீ கேட்ட பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, மாங்காய் ஊறுகாய் எல்லாம் இருக்கு, எண்ணிப் பார்த்துக்கோ. மேலாக்க பேப்பர்ல மடிச்சு ஒரு பொட்டலம் இருக்கும், நிழல்ல காய வெச்ச கறிவேப்பிலை. அது நீ கேட்டதுல இல்லை, நானும் வைக்கலை. உனக்கு அனுப்பறேன்னு தெரிஞ்சு பஞ்சாட்சரம் அண்ணன் கொண்டாந்து போட்டார். போன் பண்ணும்போது அவர்கிட்ட விலை எவ்வளவுன்னு மட்டும் கேட்டுடாதே.

முத்தங்களோட,
உன் அம்மா
அன்னம்மாள் தானியேல்