ஐந்து புள்ளி எட்டு

மார்ச் 4

லேபிலிருந்து போன் வந்தபோது ரத்தம் யாருடையதோ மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். நான்காம் கட்டில்காரியோ காலையில் தானே நடந்து வந்து சேர்ந்தவள். மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினேன். அதே 5.8.

துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிற வேலை அவளுக்கு. படியில் மயங்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியதால் வந்திருக்கிறாள். இல்லையென்றால் வந்தே இருக்க மாட்டாள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத்தாள்.

கூட வந்த மாமியார் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இவளுக்கு எப்பவும் அசதிதாம்மா. உக்காந்த இடத்துலயே தூங்கிடுவா. வேலைன்னா மட்டும் உடம்பு வளையாது."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 5

மற்ற முடிவுகளும் வந்துவிட்டன. சிவப்பணுக்கள் சிறுத்துப் போயிருக்கின்றன. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் — மூன்று. மூன்று! வழித்துத் துடைத்த பாத்திரம். இது ஒரு வாரத்தில் நேர்ந்ததல்ல. திடீரென்று இவ்வளவு இறங்கியிருந்தால் எழுந்தே நின்றிருக்க முடியாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால் உடம்பு சமாளித்திருக்கிறது. இதயம்தான் ஓடி ஓடி ஈடுகட்டியிருக்கிறது. படுத்திருக்கும்போதே நாடி நூறைத் தாண்டுகிறது.

திரையை இழுத்துவிட்டு மாதவிடாய் பற்றிக் கேட்டேன்.

"பத்து நாள் போகும் சிஸ்டர். எல்லாருக்கும் அப்படித்தானே?"

ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி — அதனால்தான் அத்தனை போக்கு.

எல்லாருக்கும் அப்படித்தானாம்! யார் சொன்னது இவளுக்கு? ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தானே?

சாயங்காலம் முதல் பை ரத்தம் ஏற்றினோம். மெதுவாக — களைத்துப்போன இதயத்துக்குள் வேகமாக விட்டால் மூச்சுத் திணறும். பக்கத்தில் நின்று சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, வரி வரியாக விரல் வைத்துத் தேடினாள்.

"நான் சோம்பேறி இல்லைன்னு இதுல எங்க இருக்கு சிஸ்டர்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் விரலைப் பிடித்து 5.8-இன் மேல் வைத்தேன்.

மார்ச் 6

கத்திவிட்டேன். வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையோடு நேராக வந்தார். "ஒரு பை ஏத்தியாச்சுல்ல? வீட்ல போட்டது போட்டபடி கிடக்கு. டிஸ்சார்ஜ் பண்ணுங்க."

பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு பைக்கு ஏறத்தாழ ஒரு புள்ளிதான் ஏறும், இன்னொரு பை வேண்டும், கட்டியைப் பெண்கள் டாக்டர் பார்க்க வேண்டும் என்று.

"நல்லாத்தானே பேசுறா? நீங்கல்லாம் நம்பரைக் காட்டிப் பயமுறுத்துறீங்க."

அவ்வளவுதான். "பாதி ரத்தத்தோட உங்க வீட்டு மாடிப்படி ஏறியிருக்கா அவ! துவைச்சிருக்கா, பெருக்கியிருக்கா, வேலைக்கும் போயிருக்கா! நீங்க ஒரே ஒரு நாள் அப்படி இருந்து காட்டுங்க, பாப்போம்!"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. மாமியார் நேரே மேட்ரன் அறைக்கு.

பிறகு டாக்டர் வந்து அதையேதான் சொன்னார். ஒரு பை, ஒரு புள்ளி. அவள் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்! என் வாயிலிருந்து வந்தால் மட்டும் பயமுறுத்தலா?

மார்ச் 7

"நீ சொன்னது சரி. சொன்ன விதம் தப்பு. போய் ஸாரி சொல்லிட்டு வா" — மேட்ரன்.

போனேன். "சத்தம் போட்டதுக்கு ஸாரி." அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை, வரவழைக்கவும் இல்லை. மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணவர் தரையைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஏன்டி, உனக்காகத்தானே போய் நின்னேன்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

பார், இப்போது அவளையே திட்டுகிறேன்.

மார்ச் 8

இரண்டாவது பையும் ஏற்றியாயிற்று. 7.9. இரும்பு மாத்திரையோடு வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 15

வீட்டில் தட்டை 'ணங்'கென்று வைத்திருக்கிறேன் போல. "அந்த மாமியார் இங்கயும் சாப்பிட வந்துட்டாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 17

இந்த வாரம் வெளிநோயாளிப் பிரிவில் எனக்கு வேலை. "சிஸ்டர்" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதட்டில் நிறம் வந்திருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை — நான்காம் கட்டில்காரி. 10.6! அடுத்த மாதம் கட்டிக்கு ஆபரேஷன். கணவர் மருந்து வரிசையில் நின்றிருந்தார்.

இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாளாம். எப்போது வருவாய் என்று மாமியார் போன் செய்திருக்கிறார்.

"ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு தேறினாத்தான் வருவேன், அதுவரைக்கும் நீங்களும் உங்க பிள்ளையும் சமைச்சுச் சாப்பிடுங்கன்னேன். சொல்லிட்டேன் சிஸ்டர்."

அவளே தொடர்ந்தாள்: "அன்னைக்கு நீங்க ஸாரி சொன்னப்போ எனக்கு அவங்க மேல கோவம் வந்திருக்கணும். வரலை. கோவப்படக்கூட உடம்புல தெம்பு வேணும்ல?"

கணவர் மருந்துப் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "போலாமா?" என்றார் அவளிடம்.

"பேசிட்டிருக்கேன்ல? உக்காருங்க, வரேன்."

உட்கார்ந்தார்.