கறுப்புக்கு அடியில்

ஜூன் 3, செவ்வாய்

பிறருடைய பழைய பொம்மைக் கார்கள் பதினான்கைப் புதுப்பித்துக் கொடுத்தாயிற்று. இனி என்னுடையது. உள்ளங்கையில் அடங்குகிற பழைய டை-காஸ்ட் உலோகக் கார். முன் அச்சு வளைந்திருக்கிறது. மேலே கறுப்பு. எட்டு வயதில் நானே பூசியது, வீட்டு கேட்டுக்கு பெயிண்ட் அடித்தவர் விட்டுப்போன டப்பாவிலிருந்து. அடியில் பச்சை இருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அம்மா போன் செய்தாள். இருபத்தொன்றாம் தேதி முழங்கால் ஆபரேஷனுக்குக் கிளம்புகிறாள், அப்புறம் மூன்று மாதம் பெரியம்மா வீட்டில். வீட்டுச் சாவி என்னிடம்தானாம். என் அறையிலிருந்து அங்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அக்கா இருப்பது இரண்டு தெரு தள்ளி.

"அவகிட்ட குடுத்தா தொலைச்சிட்டு வந்து நிப்பா. அவளப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு ரிவெட்டுகளையும் துளைத்தெடுத்தேன். அடித்தகடு தனியாக வந்தது. கூரையின் உள்பக்கம் கறுப்பு எட்டாத இடம்.

சிவப்பு.

ஜூன் 6, வெள்ளி

உள்ளே வேறு நிறம் அடித்திருப்பார்களோ? இல்லை, பதினான்கு வண்டிகளில் ஒன்றில்கூட அப்படிப் பார்க்கவில்லை. எனக்கே சிவப்பு வாங்கியிருப்பார்களோ? இல்லை. அப்பா ஒரே நாளில் இரண்டு வாங்கிவந்தார். எனக்குப் பச்சை, அக்காவுக்குச் சிவப்பு. ஒரு மாதத்தில் சிவப்பு காணாமல் போனது. அக்கா கரண்டியால் அடி வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் ஓட்டைக்கை. பள்ளிச் சுற்றுலாவுக்கு அவள் கடிகாரம் கேட்டபோது கொடுக்கவில்லை. அவள் கல்யாணத்தன்று அவளுடைய நகைப்பெட்டி என் கையில் இருந்தது.

அப்படியென்றால் பச்சை எங்கே? பச்சையைத் தொலைத்தது யார்?

வேறு யார்.

தொலைத்தேன், அவளுடையதை எடுத்தேன், தெரியாமலிருக்கக் கறுப்பு பூசினேன். பிறகு மறந்துவிட்டேன். மறந்தது நிஜம். எப்படி முடிந்தது என்பதுதான் —

ஜூன் 7, சனி

உரிப்பதற்கு முன் அந்தச் சிவப்பைப் பிடித்து வைக்க வேண்டும். கார் பட்டறையில் பெயிண்டரிடம் போனேன், அதே நிறம் கலந்து தரச் சொல்லி.

"வண்டி எங்க தம்பி?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அடடா. மோதினது யாரு, எறும்பா?"

சிரித்தாலும் நான்கு தடவை கலந்தார். நான்காவது சரி.

ஜூன் 8, ஞாயிறு

சாவி வாங்கப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

பெயிண்ட் உரிக்கும் திரவத்தில் போட்டேன். கறுப்பு சுருங்கித் தோலாக வந்தது, அதன் பின்னால் சிவப்பு. டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். சாம்பல் நிற உலோகம் மட்டும் மீதி. அச்சை நிமிர்த்தினேன்.

ஜூன் 11, புதன்

அடிப்பூச்சாக அடித்த சாம்பல் பிரைமர் மேல் சிவப்பு எடுபடவில்லை. பழைய செங்கல் மாதிரி இருக்கிறது. உரித்தேன். இனி வெள்ளை பிரைமர்.

ஜூன் 13, வெள்ளி

பானெட் நடுவில் ஒரே ஒரு தூசி. யாரும் பார்க்கமாட்டார்கள். நான் பார்க்கிறேனே. உரித்தேன்.

ஜூன் 14, சனி

மூன்றாவது தடவை. சரியாக வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீடு. அத்தான் வெளியே போயிருந்தார். அதுவும் நல்லதுதான். காரை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "உன்னோடதுக்கா. நான்தான் எடுத்தேன்." அவ்வளவுதான் வந்தது.

அவள் காரை ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். நேராக ஓடியது.

"ரெண்டு நாள் சாக்கடைக்குள்ள கைய விட்டுத் தேடினேன்டா. ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"நீதான் டார்ச் புடிச்ச."

காரை என்னிடம் நீட்டினாள்.

"நல்லா பண்ணியிருக்க. எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ." கதவு வரை வந்தாள். "இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? அம்மாகிட்ட சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

ஜூன் 17, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு அம்மாவிடம் போனேன். ஆஸ்பத்திரிக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள், மடிப்பு நிற்கவில்லை.

"எட்டு வயசுல பண்ணினதுக்கு இப்ப என்னடா? அதுக்கப்புறம் அவ தொலைக்காததா?"

"என்ன தொலைச்சா, சொல்லு."

"குடை."

"அது நான் பஸ்ல விட்டது."

"...ஸ்கூல்ல தண்ணி பாட்டில்."

"எல்லாப் பிள்ளைங்களும் தொலைக்கறதுதான்மா. வேற?"

யோசித்தாள். மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நிறைய இருக்கு. இப்ப ஞாபகம் வரல."

"சாவிய நான் வாங்கிக்க மாட்டேன்."

"அப்ப வீட்ட யாரு பாக்கறது?"

"ரெண்டு தெரு தள்ளி ஒருத்தி இருக்கா."

"நான் என்ன, அவ கால்ல விழணுமா?"

"சாவியக் குடு. போதும்."

சாவிக்கொத்தை என் பக்கம் நகர்த்தினாள். தொடாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

அம்மா கிளம்பிவிட்டாள். போனில் ஆபரேஷன் நேரத்தை மட்டும் சொன்னாள். சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியம்மா சொன்னாள்.

ஜூலை 5, சனி

என் புத்தகங்களை எடுக்க அம்மா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. வாசல் கூட்டியிருந்தது, தொட்டிச் செடிகளில் ஈரம். அக்காவுக்கு இன்று அரை நாள் ஆபீஸ். போன் செய்யாமல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள்.

"சொல்லிட்டு வரமாட்டியா? எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?"

"முக்கால் மணி."

"நல்லது."

பூட்டைத் திறந்தாள். சாவியை உருவிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பாதித் தெரு போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"கிளம்பறப்போ போன் பண்ணு. நான் வந்து பூட்டிக்கறேன்."