ஒற்றைக் குச்சியானாலும் பெட்டியோடு

இன்று காலையில் உன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். கடலைமிட்டாய்த் தூள் மேசை முழுக்கக் கொட்டியது. கூடவே செத்த எறும்பு இரண்டு. வெல்ல வாசனை இன்னும் போகவில்லை. கோவில்பட்டியில் பிறந்தவன் கடலைமிட்டாய் தின்னக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கீபோர்டு மேல் வைத்து உடைக்காதே என்றுதான் சொன்னேன். அக்கா சொல்லி நீ எதைக் கேட்டாய், இதைக் கேட்க?

பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று. இருந்தவரைக்கும் ஒரே பாட்டு. "தம்பி கம்ப்யூட்டர்ல புலில்லா! அவன் கை பட்டா எதுவும் ஓடுமே" என்று கழுகுமலை மாமா மூக்கைச் சிந்தினார். ஓடும், யார் இல்லை என்றது? எங்கே போய் முட்டும் என்பது முட்டிய பிறகு எனக்கு மட்டும்தான் தெரியும். செத்தவனைக் குறை சொல்லக் கூடாதாம். அதனால் மாமாவுக்குக் காப்பியைக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லலாம் அல்லவா?

நீ எழுதியதைப் போல மட்டமான புரோகிராமை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கரிசலில் மழை பெய்த மறுநாள் செருப்போடு இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் உன் ஃபைலைத் திறந்தால் எனக்கு இருக்கும். ஒரு காலைப் பிடுங்கினால் இன்னொரு கால் மாட்டிக்கொள்ளும். உனக்கு இருந்தது அறிவு இல்லை, வெறும் கெட்டிக்காரத்தனம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஊர் உன்னைப் புலி என்றது. நீயும் அதை நம்பினாய்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடியில் நாம் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்த புதிது. தீப்பெட்டி ஆபீஸ், ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம் என்று ஆளாளுக்கு வெப்சைட் கேட்டு வந்தார்கள். ஊரில் ரத்ததானம் செய்யும் பையன்கள் வந்து, எந்த குரூப்பில் யார் இருக்கிறார்கள் என்று தேட ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். கண்ணில் தெரிகிற பக்கம் என் வேலை. அதற்குப் பின்னால் ஓடும் புரோகிராம், 'கொடையாளர்' என்ற கிளாஸ், உன் வேலை. அதில் கேட்டதைத் தேடித் தர 'தேடு' என்று ஒரு ஃபங்ஷன் எழுதினாய். நாசமாய்ப் போன ஃபங்ஷன்.

குரூப்பைச் சொன்னால் அது ஆட்களைத் தேடிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பலர் இருந்தால் பட்டியலாகக் கொடுத்தாய், சரி. யாரும் இல்லையென்றால் ஃபால்ஸ், அதாவது 'பொய்' என்றாய். பெயர்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ் கிடைக்கவில்லையென்றால் 'மன்னிக்கவும்' என்று ஒரு சொல்லைக் கொடுத்தாய். எல்லாவற்றையும்விடக் கேவலம், ஒரே ஒருவர் இருந்தால் பட்டியலே கிடையாது, அந்த ஆளை மட்டும் தனியாகத் தூக்கிக் கொடுத்தாய். கேள்வி ஒன்று, பதிலுக்கு நாலு வேஷம்.

"இது என்னல கூத்து?" என்று கேட்டேன்.

"யக்கா, ஒத்த ஆளுக்கு எதுக்கு லிஸ்ட்டு? நேரா ஆளையே குடுத்துட்டுப் போவம். வாங்குதவனுக்கு வேல மிச்சம்லா" என்றாய், வாயில் மிட்டாயோடு.

அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை வேலை. பெட்டியும் குச்சியும் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைக் கொண்டே சொன்னால் ஏறும் என்று நினைத்தேன்.

"ஏலே, ஒத்தக் குச்சி மிச்சம் இருந்தாலும் பெட்டியோடதாம்ல குடுக்கணும். பெட்டிய எறிஞ்சிட்டு குச்சிய மட்டும் கையில குடுத்தா, எதுல உரசுவான்? ஒண்ணுமே இல்லன்னா வெறும் பெட்டியக் குடு. தொறந்து பாத்துட்டு இல்லன்னு தெரிஞ்சுகிடுவான்."

"பெரியம்மா உத்தரவு" என்று கும்பிட்டாய். பிறகு பார்க்கலாம் என்றாய். உன் அகராதியில் பிறகு என்றால் ஒருநாளும் இல்லை என்று அர்த்தம். ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் என்று தேடினால் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஊர் மெச்சியது.

அந்த மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணியபோது நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ் வேண்டும்.

"ஏ தங்கச்சி, ஒங்க பக்கத்துல எழுத்தெல்லாம் கொத்திப் போட்டாப்ல வருதே. ஆள் யாரும் இல்லன்னு அர்த்தமா? அந்தப் பொண்ணோட அப்பா இங்கன நின்னு அழுதாவ. திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பவா?"

தேடிப் பார்த்தேன். நாலு வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் உடைந்த எழுத்தோ ஒற்றை எண்ணோ, வேறொன்றும் இல்லை. பார்த்ததும் புரிந்துவிட்டது. என் பக்கம் பட்டியலை எதிர்பார்த்து நின்றது. நீ கொடுத்ததோ ஒற்றை ஆள். அந்த ஆளையே பட்டியல் என்று நம்பி, பெயரை ஒரு வரி, குரூப்பை ஒரு வரி, ஊரை ஒரு வரி, போன் நம்பரை ஒரு வரி என்று கூறுபோட்டு, ஒவ்வொன்றிலும் முதல் எழுத்தின் தலையை மட்டும் காட்டியது. இருபது பேர் இருந்தபோதெல்லாம் ஒழுங்காக ஓடிய பக்கம், ஒரே ஒருவர் இருக்கும்போது, அதாவது அந்த ஒருவர்தான் கதி என்னும்போது, அவரை மறைத்துவிட்டது.

டேட்டாபேசைத் திறந்து அந்த ஒருவர் யாரென்று பார்த்தேன். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ மிட்டாயை உடைத்துக்கொண்டிருந்தாய்.

"ஏ மூதி, அது நீதாம்ல! எந்திரி!"

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தாய். ரத்தம் கொடுத்தாய். அந்தப் பெண் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அவள் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீரு மனுசரு இல்லய்யா, சாமி" என்றாராம். பையன்கள் உனக்குச் சால்வை போட்டார்கள். நன்றாக இருக்கிறது நியாயம்! ஆளை ஒளித்து வைத்தவனும் நீ, அகப்பட்டவனும் நீ, சால்வையும் உனக்கு. போன் பண்ண நர்சுக்குத் தோன்றாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"முடிஞ்சுபோச்சுல்லாக்கா, விடு" என்றாய், சால்வையை மடித்துக்கொண்டே.

விடவில்லை. அன்று சாயங்காலமே உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து 'தேடு' முழுவதையும் மாற்ற வைத்தேன். பலரோ, ஒருவரோ, யாருமே இல்லையோ, எப்போதும் பட்டியல்தான். டேட்டாபேஸ் செத்தால் அதைத் தனியாகக் கத்திச் சொல்ல வேண்டும், பதில் என்ற பெயரில் நுழைக்கக் கூடாது. முணுமுணுத்துக்கொண்டே செய்தாய். ஃபங்ஷனுக்கு மேலே, என்னைக் கேலி செய்ய, 'பெரியம்மா உத்தரவு: பெட்டியோட குடு' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தாய். திருந்திவிட்டாய் என்று நினைத்தேன். அந்த ஒன்றைத் தவிர நீ எழுதிய மற்ற ஃபங்ஷன்களை இப்போது திறந்து பார்க்கிறேன். எல்லாம் பழைய லட்சணம்தான். இனி அத்தனையையும் நான்தான் வழித்துத் துடைக்க வேண்டும்.

போன மாசம் கயத்தாறு தாண்டி உன் பைக் லாரியின் பின்னால் மோதியது. ஆஸ்பத்திரியில், "ஓ நெகட்டிவ் யாராச்சும் தெரியுமா?" என்று என்னையே கேட்டார்கள். என் ரத்தம் பி பாசிட்டிவ், உனக்கு ஆகாது. பதில் தெரிந்தும் அங்கிருந்த கம்ப்யூட்டரில் தேடினேன். நான் திருத்த வைத்த பக்கம் கொஞ்சமும் பிசகாமல் பட்டியலைக் காட்டியது. ஒரே வரி. உன் பெயர், நம் ஊர், உன் போன் நம்பர். உள்ளே கிடந்தவனுக்கு ரத்தம் கொடுக்க உள்ளே கிடந்தவனையே கூப்பிடச் சொன்னது. அப்போதும் எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. திருநெல்வேலியிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்தது. தலையில் பட்ட அடிக்கு அது உதவவில்லை.

கீபோர்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இல்லாத ஆளின் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எவளோ ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக யாராவது உன் நம்பரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் உன் பெயரை நானே எடுத்தேன். உன் என்டர் பொத்தான் இன்னும் ஒட்டத்தான் செய்கிறது, இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது. பிறகு ஓ நெகட்டிவ் என்று தேடினேன். பக்கம் தடுமாறவில்லை, எழுத்து உடையவில்லை. தலைப்பு வந்தது, கட்டம் வந்தது, கட்டத்துக்குள் யாரும் இல்லை. நான் சொன்ன அதே வெறும் பெட்டி.

உன்னிடம் நான் வாதாடி ஜெயித்தது இது ஒன்றுதான். சொல்லிக் காட்டலாம் என்று பார்த்தால் எதிர் நாற்காலியில் நீ இல்லையே, மூதி.